வெளுத்துப்போன அனிமோனும் வீட்டு ஆர்.ஓ. தண்ணீரும்

ஓசூர் வாசகர் ஒருவரின் கேள்வி: சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். இரண்டரை அடித் தொட்டியில் உப்புநீர் மீன் வளர்க்க ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. பெங்களூரிலிருந்து இரண்டு கோமாளி மீன்களும் ஒரு அனிமோனும் வாங்கி வந்தேன். முதல் வாரம் நன்றாக விரிந்திருந்த அனிமோன் இப்போது வெளுத்துச் சுருங்கிக் கிடக்கிறது. வாய் லேசாகத் திறந்தே இருக்கிறது. தினமும் இறால் வைக்கிறேன், துப்பிவிடுகிறது. வீட்டு ஆர்.ஓ. தண்ணீரில்தான் உப்பு கலக்கிறேன். கடைக்காரர் ஒரு மருந்து கொடுத்திருக்கிறார். ஊற்றலாமா?

ஊற்றாதீர்கள். புட்டியைத் திறந்திருந்தால் மூடி வையுங்கள்.

கடைகளில் மீனுக்கென்று கொடுக்கும் மருந்துகளில் பல வெண்புள்ளி நோயை மனதில் வைத்துத் தயாரிக்கப்பட்டவை. அவற்றில் பலவற்றில் இருப்பது தாமிரம். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் தாமிரத்தை மீன் தாங்கும், அதன் மேலிருக்கும் ஒட்டுண்ணி செத்துப்போகும். அனிமோன், இறால், நத்தை எதுவும் அந்த அளவைத் தாங்காது. இன்னொரு தொல்லை, தாமிரம் கல்லிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இறங்கும். ஒரு முறை ஊற்றிய தொட்டியில் பல மாதம் கழித்தும் அனிமோனை நம்பி விட முடியாது. மருந்தில் என்ன இருக்கிறது என்று லேபிளில் போடவில்லையென்றால் தாமிரம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அது உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். அனிமோன் சுருங்குவது மட்டும் நோயல்ல. உள்ளே இருக்கும் பழைய தண்ணீரையும் கழிவையும் வெளியேற்ற அவ்வப்போது சுருங்கி, சில மணி நேரத்தில் மறுபடி விரியும். நாள் கணக்கில் சுருங்கிக் கிடப்பதும், வாய் பிளந்து உள்சதை வெளியே பிதுங்குவதும்தான் கெட்ட அடையாளம். அடிப்பாகம் கல்லையோ கண்ணாடியையோ இறுகப் பிடித்திருந்தால் நம்பிக்கை உண்டு. பிடி விட்டு உருண்டுகொண்டிருந்தால், தொட்டால் இழை இழையாகக் கரைந்தால், தண்ணீரில் அழுகல் நாற்றம் வந்தால் முடிந்துவிட்டது. அப்படியானால் இன்று ராத்திரியே தண்ணீருக்கு அடியில் வைத்தே ஒரு பையில் பிடித்து வெளியே எடுங்கள். தொட்டித் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கையாவது மாற்றி, ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள். நூறு லிட்டர் தொட்டியில் ஒரு அனிமோன் கரைந்தால் கிளம்பும் அம்மோனியா விடிவதற்குள் மீன்களையும் கொண்டுபோய்விடும்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுடையது இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. ஆகவே தண்ணீருக்கு வருகிறேன். என் சந்தேகம் முழுவதும் அங்கேதான்.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மிக அருகிலுள்ள நம் கடற்கரைக்குப் போகவே அரை நாள் ஆகும். சென்னையில் வளர்ப்பவர்கள் தெளிந்த கடல் நீரைக் கேன்களில் பிடித்து வருவார்கள். நமக்கு அது கிடையாது. ஒவ்வொரு லிட்டர் கடலையும் உப்புப் பொடியும் நல்ல தண்ணீரும் சேர்த்து நாமே செய்ய வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கடினத்தன்மையும் புளோரைடும் அதிகம் உள்ளது. அதற்காகத்தான் 2013இல் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே வந்தது. குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீரில் குளோரின் இருக்கும். இரண்டையும் நேராகத் தொட்டியில் விட முடியாது. ஆர்.ஓ. வைத்தீர்கள் பாருங்கள், அது சரியான முடிவு.

ஆனால் வீட்டு ஆர்.ஓ. மிஷின் நாம் குடிப்பதற்காகச் செய்தது. சவ்வைத் தாண்டி வரும் தண்ணீர் சப்பென்று இருக்கும் என்பதால் அதற்குப் பின்னால் ஒரு மினரல் கார்ட்ரிட்ஜ் வைப்பார்கள். பல மாடல்களில் டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்ற சிறு திருகு இருக்கும். அது சுத்திகரிக்காத தண்ணீரில் கொஞ்சத்தைத் திரும்பக் கலந்துவிடும். கடந்த சில வருடங்களாக விற்கும் மிஷின்களில் பலவற்றில் காப்பர் கார்ட்ரிட்ஜும் சேர்ந்திருக்கிறது. செம்புப் பாத்திரத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று விளம்பரம் செய்கிறார்களே, அதுதான். மேலே மருந்தைப் பற்றிச் சொன்ன தாமிரமும் இதுவும் ஒன்றே. தொட்டியில் நீர் ஆவியாகிப் போகும், தாமிரம் போகாது. தினமும் அதே தண்ணீரை ஊற்றி ஈடுகட்டினால் வாரா வாரம் ஏறிக்கொண்டே இருக்கும். மீன்கள் நன்றாக இருக்க, அனிமோன் மட்டும் காரணம் தெரியாமல் வாடுகிற வீடுகளில் நான் முதலில் கேட்பது மிஷினின் மாடலைத்தான்.

செய்ய வேண்டியது எளிது. உங்கள் ஆர்.ஓ. மெக்கானிக்கை அழைத்து, சவ்விலிருந்து வரும் குழாயில், மினரல், காப்பர் கார்ட்ரிட்ஜுகளுக்கு முன்னால் ஒரு டி-ஜாயின்ட் போட்டுத் தனிக் குழாய் எடுக்கச் சொல்லுங்கள். கன்ட்ரோலர் இருந்தால் மூடிவிடச் சொல்லுங்கள். ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கி அந்தத் தண்ணீரை அளந்து பாருங்கள். ஒற்றை இலக்கத்தில் காட்டினால் சந்தோஷம், முப்பது நாற்பது காட்டினால் சவ்வு மாற்றும் நேரம் அல்லது பின்னால் டி.ஐ. ரெசின் கார்ட்ரிட்ஜ் ஒன்று சேர்க்க வேண்டும். கம்பெனியில் டி.எம். (கனிமம் நீக்கிய) வாட்டர் கிடைக்கிறதே என்று கேன் தூக்கி வருபவர்கள் உண்டு. டி.எம். பிளான்ட்டின் வாயில் பிடித்தது என்றால் சரி. பாய்லர் பக்கத்தில் பிடித்தது என்றால் துருப்பிடிக்காமல் இருக்கப் போட்ட ரசாயனமும் சேர்ந்து வரும், வேண்டாம்.

கம்பெனி என்றதும் இன்னொன்று. மிஷின் ஷாப்பில் வேலை செய்துவிட்டு வந்து, கூலன்ட் எண்ணெயும் உலோகத் தூளும் ஒட்டிய கையை அப்படியே தொட்டிக்குள் விடாதீர்கள். ரோஜாத் தோட்டத்தில் மருந்தடித்த கைக்கும் இதே தடை. சோப்பு போட்டுக் கழுவி, பிறகு சோப்பும் போகும்வரை வெறும் தண்ணீரில் கழுவ வேண்டும். தொட்டி இருக்கும் அறையில் கொசு ஸ்ப்ரே, கரப்பான் ஸ்ப்ரே வேண்டாம். ஏர் பம்ப் அந்தக் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் ஊதுகிறது.

தண்ணீரின் உப்பு அளவை எதால் பார்க்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் என்றால் அதை நம்ப வேண்டாம். ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி, 35 பிபிடி அளவுத் திரவத்தில் சரிபார்த்து வையுங்கள். அனிமோனுக்கு வேண்டிய ஒப்படர்த்தி 1.025 அல்லது 1.026, இயற்கைக் கடலின் அளவு. கடைகளில் பெரும்பாலும் உப்பு மிச்சமாகட்டும், ஒட்டுண்ணியும் குறையட்டும் என்று 1.020 பக்கத்தில் வைத்திருப்பார்கள். மீன் அதற்குப் பழகிவிடும், அனிமோன் பழகாது. அங்கிருந்து அரை மணியில் உங்கள் தொட்டிக்கு மாற்றியிருந்தால் முதல் அடி அன்றைக்கே விழுந்திருக்கும். இரண்டாவது அடி ஆவியாதலில் விழும். ஓசூர் காற்றில் மூடாத தொட்டியில் நீர் மட்டம் வேகமாக இறங்கும், ஃபேன் வைத்தால் இன்னும் வேகம். இறங்கிய மட்டத்துக்கு உப்புக் கலக்காத ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றி 1.030க்குக் கொண்டுபோனவர்கள் ஏராளம்.

இப்போது டெஸ்ட் கிட்டை எடுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும், துளி நிறம் மாறினாலும் தப்பு. நைட்ரேட் பத்துக்குள் இருந்தால் நல்லது. கார அளவு 8 முதல் 11 டி.கே.ஹெச்., பி.ஹெச். 8.1 முதல் 8.4. எண்கள் விலகியிருந்தால் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை 15 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். மாற்றும் தண்ணீரை முந்தைய நாளே கலந்து, பம்ப் ஓடவிட்டு, வெப்பத்தையும் உப்பளவையும் தொட்டியோடு சமமாக்கிய பிறகு ஊற்றுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் திருத்த நினைக்காதீர்கள். மோசமான எண்ணைவிட வேகமாக மாறும் எண்தான் அனிமோனை அதிகம் கொல்கிறது.

வெளுப்பு ஏன் என்று கேட்பீர்கள். அனிமோனின் திசுவுக்குள் ஒரு செல் பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தில் அவை சமைப்பதுதான் அதன் முதன்மையான சாப்பாடு. உடம்பின் பழுப்பு நிறமும் அவற்றால் வருவது. சூடு, இருட்டு, நஞ்சு, உப்பு மாற்றம் எதுவாக இருந்தாலும் நெருக்கடி வந்ததும் அனிமோன் அவற்றை வெளியேற்றிவிடுகிறது. மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் கோடையில் கடல் சூடேறிப் பவளப் பாறைகள் வெளுத்ததும் இதே வகைப் பாசி போனதால்தான். கடையில் பால்வெள்ளை உடம்பும் ஊதா நுனியுமாக ஒன்றைக் காட்டி அபூர்வ ரகம் என்பார்கள். அபூர்வமில்லை, பட்டினி. பளிச்சென்ற மஞ்சளில் இருந்தால் பெரும்பாலும் சாயம் ஏற்றியது.

பாசி திரும்ப வர வெளிச்சம் வேண்டும். தொட்டி வாங்கும்போது கூடவே தரும் வெள்ளை எல்.இ.டி. பட்டை மீனைப் பார்க்க உதவும், அனிமோனுக்குப் போதாது. பவள வளர்ப்புக்கான விளக்கு வாங்குங்கள். வாங்கியதும் முழு வெளிச்சத்தில் போட்டால் வெளுத்த உடம்பு கருகும். பாதியில் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் ஏற்றுங்கள். தினம் எட்டு முதல் பத்து மணி நேரம் போதும். ஷிப்டுக்குப் போகிறவர் நீங்கள். செகண்ட் ஷிப்ட் முடித்து நடுராத்திரி வந்து தொட்டியைப் பார்க்க லைட் போடுவது எனக்குப் புரிகிறது, அனிமோனுக்குப் புரியாது. டைமர் மாட்டிவிடுங்கள்.

சூட்டைப் பொறுத்தவரை சென்னைக்காரர்களைவிட நமக்கு அதிர்ஷ்டம். அங்கே சில்லர் இல்லாமல் முடியாது. இங்கே கோடையில் தொட்டிமேல் ஒரு ஃபேன் பெரும்பாலும் போதும். ஆனால் மார்கழி, தை ராத்திரிகளை மறந்துவிடுகிறோம். வெளியே 15 டிகிரிக்கு இறங்கும் ஊரில் ஹீட்டர் இல்லாத தொட்டி பகலில் 26, விடியலில் 20 என்று ஆடும். நூறு லிட்டருக்கு 100 வாட் ஹீட்டர் போட்டு 25 அல்லது 26இல் நிறுத்துங்கள்.

இறால் வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். துப்புகிறது என்றால் செரிக்கச் சக்தியில்லை என்று பொருள். துப்பியது கல்லிடுக்கில் அழுகி மறுபடி தண்ணீரைக் கெடுக்கும். ஒரு வாரம் விட்டு, கொஞ்சம் விரிந்து அதன் உணர்கொம்புகள் ஒட்ட ஆரம்பித்ததும், மிளகு அளவுக்கு நறுக்கிய இறால் துண்டு ஒன்று, வாரம் ஒரு முறை. உப்பும் மஞ்சளும் படாத பச்சை இறாலை ஆர்.ஓ. தண்ணீரில் அலசிக் கொடுங்கள். வீட்டில் யார் ஊட்டுவது என்பதையும் ஒருவரிடம் ஒப்படையுங்கள். அப்பா ஒரு முறை, பிள்ளை ஒரு முறை என்று போடும் வீட்டில் நைட்ரேட் இறங்காது.

அனிமோனைப் பிடித்து இடம் மாற்றாதீர்கள். அடிப்பாகம் கிழிந்தால் அந்தக் காயத்திலேயே அழுகும். தனக்குப் பிடித்த இடத்துக்கு அதுவே நகர்ந்து போகும். நகரும்போது நீரைச் சுழற்றும் வேவ்மேக்கரில் சிக்கி அரைபடாமல் இருக்க அந்த மோட்டாரின் வாயில் ஸ்பாஞ்ச் கட்டுங்கள். கோமாளி மீன்கள் நோய்ப்பட்ட அனிமோனை விடாமல் முட்டி உரசும். துளையுள்ள பிளாஸ்டிக் கூடை ஒன்றை அனிமோன் மேல் கவிழ்த்து அவற்றைத் தள்ளி வையுங்கள். மீனுக்கு ஒன்றும் ஆகாது. ‘ஃபைண்டிங் நீமோ’ 2003இல் வந்ததிலிருந்து கோமாளி மீன் வாங்குகிற எல்லோரும் அனிமோனையும் சேர்த்தே கேட்கிறார்கள். கடலில் எதிரியிடமிருந்து ஒளிய அதற்கு அனிமோன் வேண்டும், உங்கள் தொட்டியில் அப்படிப்பட்ட எதிரி யாரும் இல்லை. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் குஞ்சு பொரித்து வளர்க்கிறார்களே, அந்தக் குஞ்சுகளில் பல அனிமோனைப் பார்க்காமலே பெரிதாகின்றன.

மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரம் நிறுத்தும் நாளில் நீங்கள் வேலையில் இருப்பீர்கள். வேவ்மேக்கரை இன்வெர்ட்டரில் இணையுங்கள், அல்லது கரண்ட் போனதும் தானே ஓடும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வையுங்கள்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. மூன்று மாதத் தொட்டி அனிமோனுக்குச் சின்ன வயது. பாக்டீரியாவும் கல்லில் படரும் நுண்ணுயிரும் நிலைப்பட ஆறு மாதம், சில நேரம் ஒரு வருடம் ஆகும். நிலைப்பட்ட தண்ணீர் கிடைத்தால் அனிமோன் நெடுங்காலம் வாழும். 1828இல் ஸ்காட்லாந்தில் ஜான் டாலியெல் என்பவர் கடற்கரையிலிருந்து எடுத்து ஜாடியில் வளர்த்த ‘கிரானி’ என்ற அனிமோன், அவர் காலத்துக்குப் பிறகும் கைமாறிக் கைமாறி 1887 வரை வாழ்ந்தது. அது பாசியை நம்பாத குளிர்கடல் ரகம், விளக்கு தேவைப்படவில்லை. தவறாமல் மாற்றிய கடல் நீரில்தான் இருந்தது. இவ்வளவு காலம் வாழக்கூடிய உயிரை நம் கடைகளில் சில வார அலங்காரமாக விற்பது எனக்குச் சம்மதமில்லை.

ஆகவே மேலே சொன்னவற்றைச் செய்தும் இரண்டு வாரத்தில் தேறவில்லையென்றால், அல்லது நல்ல விளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரும் வாங்க இப்போது பணம் இல்லையென்றால், பெங்களூரில் ஒரு வருடத்துக்கு மேல் ஓடும் பவளத் தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். அத்திப்பள்ளி தாண்டினால் அப்படிப்பட்டவர்கள் நிறைய. தொட்டித் தண்ணீரிலேயே, தெர்மகோல் பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள். வாங்கிய கடையிலேயே திருப்பித் தர முடியுமா என்றும் கேளுங்கள். சிலர் ஏற்பார்கள்.

அடுத்த வருடம் மறுபடி ஆசை வந்தால் கார்ப்பெட் ரகத்தைத் தொடாதீர்கள். நம் கடலோரத்தில் கிடைப்பதால் மலிவாக வரும், ஆனால் பிடிக்கும்போதே பாதி அடிபட்டிருக்கும். தொட்டியிலேயே பிளந்து பெருகிய பபிள் டிப் ஒன்றை, வளர்த்தவர் கையிலிருந்து வாங்குங்கள். கூடவே உயிருள்ள கல் பவளத் துண்டு தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். 2001இலிருந்து அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. வைத்திருப்பவர் மீதும் வழக்கு வரும்.