எத்தனை கட்டை வேண்டும்?

"உங்கள் பெண்ணுக்கு என்ன சுருதி?" என்று கேட்டால் "ஐந்தரைக் கட்டை" என்று நம் வீடுகளில் சட்டென்று பதில் வரும். ஹார்மோனியத்தில் விரலால் அழுத்துகிறோமே, அந்த மரத்துண்டுதான் இந்தக் 'கட்டை'. ஆக, குரலைக் கட்டையால் அளப்பது நமக்குப் பழகிய கணக்கு. ஆனால் பிள்ளைக்குக் கீபோர்டு வாங்கப் புறப்படும்போது இந்தக் கணக்கு மறந்துபோகிறது. கடையில் 32, 37, 44, 49, 61, 76, 88 என்று பல அளவுகள் வரிசையாக நிற்கின்றன. கடைக்காரர் பெரியதைக் காட்டுகிறார். "முதலில் சின்னதாக ஒன்று இருக்கட்டும், ஆர்வம் இருக்கிறதா பார்ப்போம்" என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். இரண்டு யோசனைப்படியும் வாங்கிய கீபோர்டுகள் பல வீடுகளில் கட்டிலடியில் தூங்குகின்றன.

இரயில்வேயில் பாலம் போடுமுன் அதன்மேல் எந்த வண்டி ஓடப்போகிறது, அதன் அச்சுப் பாரம் எவ்வளவு என்று முதலில் கேட்போம். கர்டரின் அளவெல்லாம் அதற்குப் பிறகுதான். கீபோர்டுக்கும் அதே முறைதான். எந்தச் சங்கீதம், எத்தனை கை என்று முடிவு செய்துவிட்டால், எத்தனை கட்டை என்பது தானே வந்துவிடும்.

கட்டைகளை எண்ணும் முறை

ஒரு ஸ்தாயியில் 7 வெள்ளைக் கட்டைகள், 5 கறுப்புக் கட்டைகள், ஆக 12. மேல் ஸட்ஜத்தையும் சேர்த்தால்தான் ஸ்தாயி நிறைவு பெறும் என்பதால் ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மூன்று ஸ்தாயிக்கு 37, நான்குக்கு 49, ஐந்துக்கு 61. கடையில் காணும் எண்களின் இரகசியம் இவ்வளவுதான்.

மேற்கத்தியர் 'சி' என்று சொல்லும் வெள்ளைக் கட்டை நமக்கு 1 கட்டை. அடுத்த கறுப்பு 1½. பிறகு 2, 2½, 3. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கறுப்புக் கட்டை கிடையாது. ஆகவே 'மூன்றரைக் கட்டை' என்று ஒரு சுருதியும் கிடையாது. தொடர்ந்து 4, 4½, 5, 5½, 6, 6½, 7.

புணேயில் வளரும் பிள்ளைகள் மராத்தி குருவிடம் பஜனோ அபங்கமோ கற்கும்போது வேறு பெயர்கள் காதில் விழும். அங்கே வெள்ளை 'பாண்டரி', கறுப்பு 'காளி'. பாண்டரியின் எண்ணும் நம் கட்டையின் எண்ணும் ஒன்றே: பாண்டரி சார் என்றால் நம் 4 கட்டை. கறுப்பை மட்டும் அவர்கள் தனியாக எண்ணுவார்கள். காளி ஏக் நம் 1½, காளி தோன் 2½, காளி தீன் 4½, காளி சார் 5½, காளி பாச் 6½. இந்த ஐந்தையும் மனப்பாடம் செய்துகொண்டால், வீட்டில் பாட்டி சொல்லும் சுருதியும் வகுப்பில் குரு சொல்லும் சுருதியும் குழந்தைக்கு ஒன்றாகவே தெரியும்.

குரலுக்கு எத்தனை?

மந்த்ர பஞ்சமத்திலிருந்து தார பஞ்சமம் வரை இரண்டு ஸ்தாயி. பாடுபவர் ஒருவருக்கு 25 கட்டைகள் போதும். ஆனால் வீட்டில் பாடுபவர் ஒருவர்தானா? அப்பா 1½ கட்டை, பெண் 5½ கட்டை என்று வைத்துக்கொள்வோம். 'சி'யில் தொடங்கும் ஒரு கீபோர்டின் இடது ஓரக் கட்டைக்கு எண் 1 என்று கொடுத்து வரிசையாக எண்ணுங்கள்.

அப்பாவின் ஸட்ஜம் 14ஆவது கட்டை. அவருடைய மந்த்ர பஞ்சமம் அதற்கு ஐந்து கட்டை கீழே, அதாவது 9. பெண்ணின் ஸட்ஜம் 21. தார ஸட்ஜம் 33. அதற்கு ஏழு கட்டை மேலே தார பஞ்சமம், 40. ஆக 9 முதல் 40 வரை மொத்தம் 32 கட்டைகள்.

"அப்படியானால் 32 கட்டை வாங்கினால் சரி" என்று எண்ணிவிடக் கூடாது. எண்ணிக்கை சரியாக இருந்தாலும் தொடங்கும் இடம் வேறு. 'சி'யில் தொடங்கும் 37 கட்டைக் கீபோர்டில்கூட 40ஆவது கட்டை இல்லை, மூன்று குறைகிறது. 42 கட்டையில் இரண்டு மிச்சம் இருக்கும்.

இந்த 42 என்ற எண் தற்செயலாக வந்ததல்ல. மூன்றரை ஸ்தாயி ஹார்மோனியத்தில் வழக்கமாக இருப்பது 42 கட்டைகள். சற்றுச் சிறியதில் 39. 1840களில் பாரிஸில் அலெக்சாந்தர் தெபேன் உரிமை பெற்ற ஹார்மோனியம் காலால் மிதிப்பது, இரண்டு கையாலும் வாசிப்பது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ் போன்றவர்கள் அதைத் தரையில் உட்கார்ந்து வாசிக்கும் கைப்பெட்டியாக மாற்றினார்கள். ஒரு கை துருத்திக்குப் போனபின் கட்டைகளுக்கு ஒரு கைதான் மிச்சம். மனிதக் குரலைத் தொடர்ந்து செல்ல ஒரு கைக்கு மூன்றரை ஸ்தாயி தாராளம். அந்த அளவுக்குள்தான் மராத்தி இசை நாடகத்தின் கோவிந்தராவ் டெம்பேயும், பீம்சேன் ஜோஷிக்குப் பக்கவாத்தியம் வாசித்த அப்பா ஜள்காவ்கரும் புகழ் பெற்றார்கள். கட்டை குறைவு என்பதால் சங்கீதம் குறைந்துவிடவில்லை.

ஒரு கையா, இரண்டு கையா?

எலெக்ட்ரானிக் கீபோர்டில் துருத்தி இல்லை; இடது கை சும்மா இருக்கிறது. அதற்கு வேலை கொடுக்கத்தான் கூடுதல் கட்டைகள். இடது கையால் கார்டு பிடித்தால் கீபோர்டு தானே தாளமும் பின்னணியும் சேர்த்துக்கொள்ளும் வசதி இருக்கிறதல்லவா? அதை இயக்கியவுடன் இடப்புறத்தில் ஒரு பகுதி அதற்கென்று ஒதுக்கப்பட்டுவிடும். பல 61 கட்டைக் கீபோர்டுகளில் அப்படி ஒதுக்குவது 19 கட்டைகள். 61இல் 19 போனால் மிச்சம் 42. மீண்டும் நம் ஹார்மோனியத்தின் அளவே வந்து நிற்கிறது! அதாவது 61 கட்டை என்பது ஒரு முழு ஹார்மோனியமும், இடது கைக்கு ஒன்றரை ஸ்தாயியும் சேர்ந்தது. 49 கட்டையில் அதே 19 போனால் மிச்சம் 30 மட்டுமே.

சினிமாப் பாட்டு, பஜனை, பள்ளி ஆண்டுவிழா, கணபதி உற்சவ மேடை என்று புணேயில் நம் பிள்ளைகள் வாசிக்கும் இடங்களுக்கெல்லாம் 61 பொருத்தமாக இருப்பது இதனால்தான்.

88 எங்கிருந்து வந்தது?

பியானோவுக்கும் பிறவியிலேயே 88 கட்டைகள் கிடையாது. இத்தாலியில் 1700ஐ ஒட்டி அதை உருவாக்கிய பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி 1720இல் செய்த ஒரு பியானோ நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் உள்ளவை 54. மோட்சார்ட் வைத்திருந்த பியானோவில் ஐந்து ஸ்தாயி, 61 கட்டைகள். 1817இல் லண்டன் பிராட்வுட் நிறுவனம் பேத்தோவனுக்கு அனுப்பிய பியானோ ஆறு ஸ்தாயி. மரச் சட்டத்துக்குப் பதில் இரும்புச் சட்டம் வந்தபின் அதிகத் தந்திகளின் இழுவிசையைத் தாங்க முடிந்தது, கட்டைகளும் பெருகின. 1880களில் 88 என்பது பொது அளவாக நிலைபெற்றது. இதன் கீழ்க்கோடி ஒலி 27.5 ஹெர்ட்ஸ், மேல்கோடி சுமார் 4186 ஹெர்ட்ஸ். வியன்னாவின் போசென்டார்ஃபர் 97 கட்டைகள் கொண்ட இம்பீரியல் என்ற பியானோவையும் செய்கிறது. உலகம் அதைப் பின்பற்றவில்லை.

ஆகவே, பிள்ளை மேற்கத்திய பியானோவை முறையாகப் பயின்று மேல் வகுப்புகளுக்குப் போகப்போகிறதா? அப்போது 88 அவசியம். 19ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர்கள் இரண்டு ஓரங்களையும் பயன்படுத்தி எழுதியிருக்கிறார்கள். அங்கேயும் எண்ணிக்கையைவிட முக்கியமானது கட்டையின் பாரம். பியானோவில் கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தி எழும்பித் தந்தியை அடிக்கிறது. அந்தப் பாரத்தை உணர்த்தும் கட்டைகள் உள்ள டிஜிட்டல் பியானோதான் விரலுக்குப் பலம் தரும். பாரமில்லாத 88ஐ வாங்குவதில் பாதிப் பயன்தான். ட்ரினிட்டி தேர்வுகளில் பியானோ வேறு பாடம், எலெக்ட்ரானிக் கீபோர்டு வேறு பாடம். ஆசிரியர் எதற்குத் தயார் செய்கிறார் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். பிறகு கருவியை மாற்றினால் செலவு இரட்டிப்பு.

எண்ணிக்கையில் தெரியாத இரண்டு விஷயங்கள்

முதலாவது அகலம். பியானோவின் வெள்ளைக் கட்டை சுமார் 23.5 மில்லிமீட்டர். ஏழு சேர்ந்தால் 16.5 சென்டிமீட்டர். விளையாட்டுச் சாமான் போல விற்கப்படும் 32, 37, 44 கட்டைக் கீபோர்டுகள் பலவற்றில் கட்டை குறுகல். இரயிலில் மீட்டர் கேஜ் ஆயிரம் மில்லிமீட்டர், பிராட் கேஜ் 1676. ஒன்றுக்குச் செய்த சக்கரம் மற்றதில் ஓடாது. விரலும் அப்படித்தான். குறுகல் கட்டையில் இரண்டு வருடம் பழகிய குழந்தை முழு அளவுக் கீபோர்டில் உட்காரும்போது தாவும் தூரமெல்லாம் தவறுகிறது. தனக்கே வராது என்று குழந்தை நினைத்துக்கொள்கிறது. வாத்தியத்தை விடுவது பல நேரம் இங்கேதான். கடைக்குப் போகும்போது ஒரு ஸ்கேல் எடுத்துச் செல்லுங்கள். ஒரு ஸட்ஜத்தின் இடது ஓரத்திலிருந்து அடுத்த ஸட்ஜத்தின் இடது ஓரம் வரை 16.5 சென்டிமீட்டர் இருந்தால் முழு அளவு.

இரண்டாவது கமகம். கட்டை வாத்தியத்தில் ஸ்வரங்கள் படிப்படியாக நிற்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்ல வழியில்லை. ஹார்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஒதுக்கி வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். சில கீபோர்டுகளில் இடப்புறம் 'பிட்ச் பெண்ட்' என்ற சிறு சக்கரம் இருக்கும். அதைத் திருப்பினால் ஒலி வளையும். கர்நாடகக் கச்சேரிகளைக் கீபோர்டிலேயே வழங்கிவரும் கே. சத்யநாராயணன் போன்றவர்களின் வாசிப்பைக் கேட்டால் பயிற்சியால் எவ்வளவு தூரம் போகலாம் என்பது விளங்கும். நம் சங்கீதத்துக்காக வாங்குபவர்கள், 76 கட்டையும் சக்கரம் இல்லாததுமான ஒன்றைவிட, 61 கட்டையும் சக்கரம் உள்ளதுமான ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

தொகுத்துச் சொன்னால்

பாட்டுப் பயிற்சிக்குத் துணையாக மட்டும் வேண்டுமானால் 42 கட்டை ஹார்மோனியம், அல்லது முழு அளவுக் கட்டைகள் உள்ள 49 கீபோர்டு போதும்.

என்ன கற்கப்போகிறது என்று இன்னும் முடிவாகாத குழந்தைக்கு 61 வாங்குங்கள். விரலின் வேகத்துக்கேற்ப ஒலி கூடிக் குறையும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

பியானோவை முறையாகப் பயில்வதானால் பாரமுள்ள 88 வேண்டும். அதன் நீளம் ஏறக்குறைய 1.3 மீட்டர். 61 கட்டை ஒரு மீட்டருக்குள் அடங்கும், ஸ்கூட்டரில் பின்னால் உட்காருபவர் பிடித்துக்கொள்ளலாம். 88ஐ மாடிப்படியில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும். மாற்றலாகி ஊர் ஊராகப் போகும் குடும்பங்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

76 என்பது இடைநிலை. மேடையில் இரண்டு கையாலும் வாசித்து, அடிக்கடி தூக்கிச் செல்பவர்களுக்கு ஏற்றது. ஆரம்பப் பிள்ளைகளுக்கு அதனால் தனி லாபம் இல்லை.

பழைய கீபோர்டு வாங்குவதானால் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை ஒவ்வொரு கட்டையையும் ஒரே அழுத்தத்தில் அழுத்திப் பாருங்கள். ஒன்று ஊமையாகவோ, ஒன்று மட்டும் உரக்கவோ ஒலித்தால் உள்ளே ரப்பர் தேய்ந்திருக்கலாம் அல்லது தூசி புகுந்திருக்கலாம். மழைக்காலத்தில் திறந்த ஜன்னலருகே எந்த வாத்தியத்தையும் வைக்க வேண்டாம்.

வீட்டுப் பாடம்

பிள்ளைகளோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். இரண்டு கணக்கிலும் கீபோர்டு 'சி'யில் தொடங்குவதாகக் கொள்க.

1. அம்மாவின் சுருதி 5 கட்டை. ஸட்ஜத்தை இரண்டாம் ஸ்தாயியில் வைத்தால், தார பஞ்சமம் எத்தனையாவது கட்டை? 37 கட்டைக் கீபோர்டு போதுமா?

2. 49 கட்டைக் கீபோர்டில் முதல் 19 கட்டைகள் இடது கைக்குப் போய்விட்டன. மீதியில் 1 கட்டை சுருதிக்கு மந்த்ர பஞ்சமம் முதல் தார பஞ்சமம் வரை இடம் உண்டா? 5½ கட்டைக்கு?

விடை: 1. ஸட்ஜம் 20, தார பஞ்சமம் 39. போதாது, இரண்டு குறைகிறது. 2. ஒரு கட்டைக்கு மந்த்ர பஞ்சமம் 20, தார பஞ்சமம் 44. இடம் உண்டு. ஐந்தரைக்கு மந்த்ர பஞ்சமம் 28, தார பஞ்சமம் 52. இடம் இல்லை, 61 வேண்டும். அல்லது 'டிரான்ஸ்போஸ்' பொத்தானை அழுத்திச் சுருதியை ஏற்றிக்கொண்டு 1 கட்டையிலேயே விரல் வைத்து வாசிக்கலாம்.

இந்த இரண்டு கணக்கையும் குழந்தை தானே போட்டுவிட்டால், கடையில் எதைக் கேட்பது என்று உங்களுக்கு அதுவே சொல்லிவிடும்.