இராஜபாளையம் நாய்க்குட்டியைத் தேர்ந்தெடுத்தல்: நிறக்குறையும் செவிப்புலனும்

செய்யூர் வட்டத்தில் உப்பளங்களையும் சவுக்குத் தோப்புகளையும் அடுத்த நிலங்களில் மணிலாக்கொட்டையும் தர்ப்பூசணியும் பயிரிடும் குடியானவர்களுக்கு இராக்காவல் பெருந்தொல்லையாகும். காய் பிடிக்கும் காலத்தில் பன்றி நுழைவதும், முற்றிய காலத்தில் திருடர் நுழைவதும் யாவரும் அறிந்ததே. இதன்பொருட்டு நல்ல ஜாதி நாய் ஒன்று வாங்க எண்ணுவோர் பெரும்பாலும் இராஜபாளையம் நாயையே முதலிற் கருதுகின்றனர். விருதுநகர் மாவட்டத்து இராஜபாளையத்தின் பெயர்கொண்ட இந்நாய், 2005ஆம் ஆண்டில் இந்தியத் தபால் இலாகா வெளியிட்ட நாட்டு நாய்த் தபால்தலைகள் நான்கனுள் ஒன்றில் இடம்பெற்றது. 2020இல் கர்னாலிலுள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் இதனைத் தனி இனமாகப் பதிவு செய்தது.

சந்தையில் இந்நாய்க்கு மதிப்பு அதன் நிறத்தாலேயே ஏற்படுகிறது. மாசற்ற வெண்மயிரும், இளஞ்சிவப்பு மூக்கும் உடைய குட்டியே உத்தமமென்று எண்ணி அதற்கு உயர்ந்த கிரயம் கேட்பர். அதே ஈற்றிற் பிறந்த மற்றொரு குட்டிக்குக் காதோரத்தில் பழுப்புத் திட்டு இருந்தாலும், மூக்கில் கருமை படர்ந்திருந்தாலும் அதனைக் கழிவு என்று ஒதுக்கி, கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவர். விலைபோகாத குட்டிகளைப் பிறந்தவுடன் கொன்றுவிடுவோரும் உண்டு. வயற்காவலுக்கு நாய் தேடும் குடியானவர் இவ்வழக்கத்தை அப்படியே ஏற்பாராயின், பணத்தையும் இழந்து காவலையும் இழக்க நேரிடலாம். அதன் காரணம் வருமாறு.

மயிருக்கும் தோலுக்கும் கண்ணுக்கும் நிறம் தருகின்ற நுண்ணணுக்கள், குட்டி கருவிலிருக்கும்போது முதுகந்தண்டின் பக்கத்திலிருந்து புறப்பட்டு உடலெங்கும் பரவுகின்றன. அவ்வணுக்களில் ஒரு பகுதி உட்செவிக்கும் செல்கிறது. அங்கே அவற்றின் வேலை நிறம் கொடுப்பதன்று. ஓசையை உணரும் மெல்லிய உறுப்புக்கு வேண்டிய உப்புச்சத்தையும் இரத்தவோட்டத்தையும் சரியாக நிலைநிறுத்துவதாகும். அவை உட்செவியை அடையாவிடின், குட்டி பிறந்த 3, 4 வாரங்களுக்குள் அவ்வுறுப்பு வாடிக் கெட்டுவிடும். பின்னர் எம்மருந்தாலும் அதனை மீட்டல் இயலாது. ஆகவே உடல் முழுவதும் வெண்மையாக இருத்தல், நிற அணுக்கள் எங்கும் குறைவாகவே பரவியுள்ளன என்பதற்கு ஓர் அறிகுறியாகலாம். அமெரிக்காவில் எடுக்கப்பட்ட கணக்குகளின்படி, டால்மேஷியன் நாய்களில் நூற்றுக்குச் சுமார் 30க்கு ஒரு செவியோ இரு செவியுமோ கேளாமை காணப்பட்டது. புல் டெரியர் நாய்களில் வெள்ளையானவற்றில் நூற்றுக்குச் சுமார் 20க்கும், பிற நிறமுடையவற்றில் 1 அல்லது 2க்கும் இக்குறை இருந்தது. பிறவிச் செவிடு இராஜபாளையம் இனத்திலும் உள்ளதென்பது கால்நடை வைத்தியர் அறிந்த விஷயம்.

இதனால் வெள்ளைக்குட்டி யாவும் செவிடென்று கொள்ளலாகாது; பெரும்பாலானவை நன்றாகக் கேட்கும். திட்டுள்ள குட்டிக்குச் செவி பழுதிராது என்று உறுதி கூறவும் இயலாது. ஆயினும் தலையிலும் காதிலும் நிறம் உள்ள குட்டி இவ்விஷயத்தில் ஆபத்துக் குறைந்தது. நீலக்கண்ணுடைய வெள்ளைக்குட்டி ஆபத்து மிகுந்தது. விற்பவர் குறையென்று விலை குறைக்கும் இடமே வாங்குவோருக்கு ஆதாயமான இடம் என்பது இதனால் விளங்கும்.

செவியைச் சோதிக்கும் முறை எளிதே. ஆனால் அதனைச் சரியாகச் செய்பவர் சிலரே. குட்டிகள் கூட்டமாக இருக்கும்போது கைதட்டிப் பார்ப்பது பயனற்றது. ஒன்று எழுந்தால் மற்றவை அதனைக் கண்டு எழும். தரையை மிதித்தாலும் அதிர்ச்சியை உடலால் உணர்ந்து செவிட்டுக்குட்டியும் திரும்பிப் பார்க்கும். எனவே பிறந்து 6 வாரம் கடந்தபின், ஒவ்வொரு குட்டியையும் தனியே ஓர் அறையில் விட்டு, அது உறங்கும்போதோ வேறெதிலோ கருத்தாக இருக்கும்போதோ, பின்புறத்தில் நின்று, நிழலும் காற்றும் அதன்மேற் படாதவாறு சாவிக்கொத்தைக் குலுக்குக. அடுத்தடுத்துச் செய்தால் குட்டி சலித்து அசட்டை செய்யும். ஆதலால் இடைவிட்டு இரண்டு மூன்று முறை பார்த்தல் வேண்டும். தாய் வந்த சந்தடியில் உடன்பிறந்தவை எழுந்தோடத் தான்மட்டும் உறங்கிக்கொண்டிருப்பதும், விளையாட்டிற் கடிபட்ட குட்டி கத்தினாலும் பிடியை விடாதிருப்பதும் கவனிக்கத்தக்கவை. ஒரு செவி மட்டும் கேளாத குட்டி ஓசை கேட்டவுடன் விழிக்கும். ஆனால் அது வந்த திசையை அறியாது வேறுபக்கம் திரும்பும். இதனைத் திட்டமாக அறிவதற்கு மூளைக்குச் செல்லும் மின்னோட்டத்தை அளக்கும் கருவிச் சோதனையே ஏற்றது.

செவிடான நாயால் காவல் நடவாதென்பது மட்டுமன்று. உறங்கும்போது யாரேனும் தொட்டால் அது திடுக்கிட்டுக் கடித்துவிடும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இது பெரிய அபாயம். வண்டிச்சத்தம் கேளாமையால் கிழக்குக் கடற்கரைச் சாலை போன்ற பாதைகளில் அடிபடுவதும் எளிது.

இனி மற்றக் குறைகளைப் பற்றி. ஒரு காது சற்றே மடிந்திருப்பது, வாலின் நுனி வளைந்திருப்பது, காலில் மேல்விரல் தொங்குவது, கீழ்த்தாடை ஒரு நூலளவு முன் நீண்டிருப்பது ஆகியவை கண்காட்சிக்குக் குறையேயன்றிக் காவலுக்குக் குறையல்ல. தொப்புளில் விரல்நுனியளவு மெத்தென்ற வீக்கம் பெரும்பாலும் தானே மறையும். அது கடினமாகி வலித்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுக. ஆண்குட்டியின் விரையொன்று 6 மாதமாகியும் இறங்காவிடில் அதற்கு விதையடித்தல் வேண்டும். அக்குறை பரம்பரையாகத் தொடர்வதோடு, உள்ளே தங்கிய விரையிற் பிற்காலத்தில் கட்டி உண்டாதலும் கூடும். வெளுத்த ஈறு, பானைபோன்ற வயிறு, கண்ணிற் சீழ், மயிர் உதிர்ந்த சொறி, நொண்டல், ஆளைக் கண்டு மூலையில் ஒடுங்குதல் ஆகியவற்றை விலைக்குறைவின் பொருட்டு எக்காரணம் கொண்டும் பொறுத்துக்கொள்ளலாகாது. நிறக்குறை என்னும் பெயரால் நோய்க்குட்டியைத் தலையிற் கட்டுவோரும் உளராதலால், தாயையும் உடன்பிறந்த குட்டிகளையும் ஒருங்கே பார்த்த பின்னரே விலை பேசுதல் நன்று.

நாய் வளர்ப்போர்க்கும் ஒரு வார்த்தை. வெள்ளைக்கு வெள்ளையையே சேர்த்து, நிறமுள்ளவற்றை ஒவ்வோர் ஈற்றிலும் ஒதுக்கிவரின், செவிட்டுத்தன்மை இனத்திற் பெருகுவதற்கே இடமாகும். ஒரு செவி கேளாத நாய் வெளிப்பார்வைக்குக் குற்றமற்றதாகத் தோன்றினும், அதனை இனவிருத்திக்கு வைத்துக்கொள்ளுதல் தகாது. கிராம அதிகாரிகள் அறியவேண்டியது யாதெனில், நாய் இனப்பெருக்கம் பற்றிய 2017ஆம் ஆண்டு விதிகளின்படி வளர்ப்போர் மாநில விலங்குநல வாரியத்திற் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். 8 வாரத்துக்குட்பட்ட குட்டிகளை விற்றலாகாது. வேண்டாத குட்டியைக் கொல்வது குற்றமாகும்.

கடற்கரையோரத்தார்க்கு இன்னொரு கருத்துமுண்டு. உப்பள வெளியின் வெயிலில் வெண்ணாயின் சிவந்த மூக்கும் காதுநுனியும் வெந்து புண்ணாகும். கருமூக்குள்ள குட்டிக்கு இத்தொல்லை குறைவு. எந்நிறக் குட்டியாயினும் நண்பகலில் நிழலும் நல்ல தண்ணீரும் அதற்குக் கிடைக்குமாறு செய்க. 3 மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பின்னர் மருத்துவர் கூறியபடி ஆண்டுதோறும் போட்டுவருதல் வேண்டும். வாங்கும்போது பிறந்த தேதியையும், போட்ட ஊசிகளையும், குடற்புழு மருந்து கொடுத்த நாளையும், செவி சோதிக்கப்பட்டதென்பதையும் விற்பவரிடம் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்க.