உப்பைக் காயவைத்து வெயிலைச் சேர்ப்பது

அன்புள்ள இளமாறன்,

மயில்துத்தத்தைச் சோதனைக் குழாயில் சூடாக்கியதும் வெள்ளைத் தூளானது, சொட்டு நீர் விட்டதும் மறுபடி நீலமானது என்று ஒரு பக்கம் எழுதியிருந்தாய். அப்போது குழாய் சுட்டதை மட்டும் ஒரே வரியில் முடித்துவிட்டாய். எனக்கு அந்த வரிதான் முக்கியம்.

படிகநீரை விரட்ட நீ கொடுத்த வெப்பம்தான் நீர் திரும்பும்போது வெளியே வருகிறது. இடைப்பட்ட காலத்தில் அந்தத் தூள் அறை வெப்பநிலையில் சும்மா கிடக்கும். வெந்நீர்த் தொட்டியை எவ்வளவு போர்த்தினாலும் ஆறிவிடும். இங்கே ஆறுவதற்குச் சூடே இல்லை. ஈரம் படாமல் மூடி வைத்தால் ஆறு மாதம் கழித்தும் வெப்பம் தரும். ஜூனில் 16 மணி நேரத்துக்கு மேல் பகலும், டிசம்பரில் 8 மணி நேரத்துக்கும் குறைவான பகலும் உள்ள நெதர்லாந்து இதில் ஏன் அக்கறை காட்டுகிறது என்று இப்போது புரியும்.

உப்பைக் காயவைக்காமல், உருக்கி வைத்தும் பார்த்தார்கள். 1948-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், டோவரில், மரியா டெல்கெஸ் என்ற ஹங்கேரிய விஞ்ஞானியும் எலினார் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞரும் சூரிய வீடு ஒன்றை எழுப்பினார்கள். சுமார் 32 டிகிரியில் உருகும் கிளாபர் உப்பு, அதாவது நீரேறிய சோடியம் சல்பேட், பகலில் உருகி வெப்பத்தை வாங்கும். உறையும்போது திருப்பித் தரும். கோடையைக் குளிர்காலத்துக்குக் கொண்டுபோகும் ஏற்பாடு அல்ல இது, மேகமூட்டமான சில நாட்களைத் தாண்டுவதற்கானது. மூன்றாம் குளிர்காலத்தில் படுத்துவிட்டது. உருகும்போது நீரற்ற சல்பேட் பிரிந்து அடியில் தங்கியது. மேலே நின்ற கரைசலோடு அது முழுதாகச் சேரவில்லை. உப்பை அடைத்துவைத்த டப்பாக்களும் அரித்துக் கசிந்தன. இதைத் தோல்விக் கதையாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு முறை நடக்கும் வினை நூறாவது முறையும் நடக்குமா என்பதுதான் சரியான கேள்வி என்று காட்டிக்கொடுத்தது அந்த வீடுதான்.

காயவைக்கும் வழிக்கும் அதே கேள்விதான். மெக்னீசியம் சல்பேட் ஏட்டளவில் ஒரு கன மீட்டருக்கு 2.8 ஜிகா ஜூல் வைத்திருக்கும். 60 டிகிரி ஏற்றிய நீரில் இருப்பது 0.25தான். ஆனால் ஈரம் பட்டதும் மேற்பரப்பு ஏடு கட்டிக்கொள்ள, உள்ளே ஆவி நுழையத் திணறுகிறது. கால்சியம் குளோரைடு நேர் எதிர்: ஆசை அதிகம், ஈரத்தை இழுத்து இழுத்துக் கடைசியில் தானே கரைந்துவிடும்.

நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்துவரும் பொட்டாசியம் கார்பனேட் ஏட்டளவிலேயே மெக்னீசியம் சல்பேட்டில் பாதிகூடத் தேறாது, சுமார் 1.3. ஆனாலும் சாதுவான உப்பு. விலை குறைவு, நஞ்சும் இல்லை, சூரிய வெப்பத் தகடுகள் தரும் சூட்டிலேயே காய்ந்துவிடும். நான் பந்தயம் கட்டினால் இதன் மேல்தான்.

ஒரு சங்கதியைப் பலர் சொல்லாமல் விடுகிறார்கள். இந்த எண்களெல்லாம் நீர் ஆவியாகவே வந்து சேர்கிறது என்று வைத்துப் போட்ட கணக்கு. நீராக ஊற்றினால் கார்பனேட் கரைந்துவிடும். ஆவிக்காக நீரைக் கொதிக்க வைத்தால் கணக்கு உதைக்கும். கிடைக்கும் வெப்பத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். ஆகவே மண்ணுக்கடியில் குளிர்காலத்திலும் சுமார் 10 டிகிரியில் கிடைக்கும் மிதமான சூட்டைக் கொண்டு, காற்றை வெளியேற்றிய கலத்துக்குள் நீரை ஆவியாக்குவது ஒரு வழி. அந்தச் சூட்டில் நீருக்கு இருக்கும் ஆவியழுத்தமே உப்புக்குப் போதும்.

அன்புடன்,
மாமா