சுவிட்சை அணைத்தால் போதுமா?

உடைந்த பல்பைக் கழற்றுவதெல்லாம் ஒரு பாடமா என்று சிரிக்காதீர்கள். போன மழைக்காலம் வரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்களுடையது ஓட்டு வீடு. அடுப்படி உத்தரத்தில் ஒரு பேட்டன் ஹோல்டர், அதில் 60 வாட் குண்டு பல்பு. ஒரு நாள் இரவு ஓட்டில் ஒழுகிய தண்ணீர் சூடான பல்பின் மேல் சொட்டியது. பட்டென்று வெடித்துக் கண்ணாடி கொட்டிவிட்டது. பல்பின் கேப் மட்டும் ஹோல்டரில் நின்றது. அதிலிருந்து இரண்டு கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன.

அம்மா சுவிட்சை அணைத்துவிட்டு ஈரக்கையோடு ஸ்டூலில் ஏறிவிட்டார்.

"இறங்கும்மா, நான் பாக்குறேன்."

"சுவிட்சத்தான் அமத்திட்டேனே, இன்னும் என்னடா பயம்?"

டார்ச் அடித்து, டெஸ்டரை ஒரு கம்பியில் வைத்தேன். டெஸ்டர் எரிந்தது! எனக்கு உடம்பு வேர்த்துவிட்டது.

காரணம் இதுதான். வீட்டுக்கு 230 வோல்ட் மின்சாரம் ஃபேஸ், நியூட்ரல் என்ற இரண்டு ஒயர்களில் வருகிறது. சுவிட்ச் ஃபேஸில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் யாரோ நியூட்ரலில் போட்டிருந்தார்கள். அப்படிப் போட்டால் சுவிட்சை அணைத்ததும் விளக்கு அணையும். ஆனால் ஹோல்டர் வரை ஃபேஸ் வந்து நிற்கும். முதல் ஆண்டில் இதைப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அது எங்கள் அடுப்படியிலேயே இருக்கும் என்று தோன்றவில்லை!

ஆகவே செய்ய வேண்டிய முறை:

1. முதலில் கரண்ட் உள்ள பிளக் பாயின்டில் வைத்து டெஸ்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். கெட்டுப்போன டெஸ்டரும் எரியாது.

2. மெயின் சுவிட்சை அணையுங்கள். ஃப்யூஸ் கேரியர் இருந்தால் பிடுங்கிச் சட்டைப்பையில் வையுங்கள். வேறு யாரும் போட்டுவிட முடியாது. இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணையுங்கள்.

3. ஹோல்டரில் மறுபடி டெஸ்டர் வைத்துப் பாருங்கள். எரியக் கூடாது.

4. காய்ந்த கை, காலில் செருப்பு, ஆடாத மர ஸ்டூல். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குத் தடித்த கையுறை. கீழே செய்தித்தாள் விரியுங்கள்.

5. நம் ஊர் பல்பு பெரும்பாலும் பி22 வகை. 22 மில்லிமீட்டர் கேப், பக்கத்துக்கு ஒரு பின். நோஸ் பிளேயரால் கேப்பின் விளிம்பைப் பிடித்து, மேலே அழுத்தி, கீழிருந்து பார்க்கும்போது இடப்புறமாகத் திருப்புங்கள். அழுத்தாமல் திருகினால் வராது.

6. உருளைக்கிழங்கைக் குத்தித் திருகும் வித்தை வேண்டாம். ஈரம் ஹோல்டருக்குள் இறங்கும்.

7. கண்ணாடித் துண்டுகளைத் தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில் போட்டு, மேலே 'உடைந்த கண்ணாடி' என்று எழுதுங்கள். குப்பை அள்ளுபவரின் கையும் கைதானே!

மறுநாள் லைசென்ஸ் உள்ள வயர்மேனை அழைத்து சுவிட்சை ஃபேஸுக்கு மாற்றினோம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். இவன் படிப்பு எதற்கு உதவும் என்று அதுவரை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது, எனக்கும்தான். இப்போது அம்மா பக்கத்து வீட்டாரிடம், "மெயின அமத்திட்டு அப்புறம் கை வைங்க, எம்புள்ள சொல்லியிருக்கான்" என்கிறார்.

நண்பர்களே, இந்த விடுமுறையில் ஊருக்குப் போனதும் உங்கள் வீட்டிலும் ஒரு வயர்மேனை வைத்து சுவிட்சுகளைச் சோதித்துவிடுங்கள். நாம் படித்ததை முதலில் நம் வீட்டுக்குக் கொண்டு போவோம்!

— இரண்டாம் ஆண்டு மாணவன், மின் மற்றும் மின்னணுவியல் துறை