கணக்குல 94, களத்துல 95

போன செமஸ்டர் லீவுல எங்க விடுதி வாசிப்புக் குழுவுல ஆறு பேரும் ஒரே நாவலை எடுத்துப் படிச்சோம். எல்லிஸ் பீட்டர்ஸ் எழுதி 1979-ல வந்த ‘ஒன் கார்ப்ஸ் டூ மெனி’. சரித்திரம் இருக்கு, கொலை மர்மம் இருக்கு, காதலும் ரெண்டு ஜோடிக்கு இருக்கு. லீவு முடிஞ்சு வந்து உட்கார்ந்தா ஆறு பேருக்கும் ஆறு கருத்து. அதுல ரெண்டு பேர் சண்டை போட்டு ரெண்டு நாள் பேசிக்கவே இல்லை. மெஸ்ல எதிரெதிரா உட்கார்ந்து சாம்பாரை மட்டும் பார்த்துச் சாப்பிட்டாங்க.

அந்தச் சண்டைதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். ஒரு நாவலைப் பத்தி வாசகர்கள் சொல்ற குறைகளை அப்படியே விட்டுடாம, ஒவ்வொண்ணையும் எடுத்து அந்தக் காலத்தோட உரசிப் பார்த்தா நாவல் வேற மாதிரி திறக்குது. அதைத்தான் இங்க செஞ்சு பார்க்கப் போறோம். கொலையாளி யாருன்னு சொல்ல மாட்டேன், தைரியமா படிங்க.

முதல்ல கொஞ்சம் வரலாறு. 1120-ல ‘வெள்ளைக் கப்பல்’ என்ற கப்பல் ஆங்கிலக் கால்வாயில் மூழ்கியது. இங்கிலாந்து அரசர் முதலாம் ஹென்றியின் சட்டபூர்வமான ஒரே மகன் அதில் இறந்துபோனான். ஹென்றி தன் மகள் மாட் என்பவளை வாரிசாக்கினார், பிரபுக்களிடம் சத்தியமும் வாங்கினார். 1135-ல் அவர் கண்ணை மூடியதும் அவருடைய தங்கையோ அக்காவோ இல்லை, அந்தச் சகோதரியின் மகன் ஸ்டீபன் ஓடிவந்து முடி சூட்டிக்கொண்டார். சத்தியம் செய்தவர்களில் அவரும் ஒருவர்! அதிலிருந்து 1153 வரை நாடு ரெண்டாப் பிளந்து கிடந்தது. வரலாற்றாசிரியர்கள் அதை ‘அராஜகக் காலம்’ என்றே அழைக்கிறார்கள்.

கதை நடப்பது 1138 கோடையில், வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ரூஸ்பரி நகரத்தில். சிவில் நண்பர்கள் ஒருமுறை மேப்பைத் திறந்து பாருங்க. செவர்ன் ஆறு ஊரை ஏறக்குறைய முழு வளையமாகச் சுற்றி ஓடும். தண்ணி இல்லாத ஒரே குறுகலான கழுத்துப் பகுதியில் கோட்டை. ஆற்றுக்குக் கிழக்கே, ஊருக்கு வெளியே, 1083-ல் நிறுவப்பட்ட பெனடிக்டின் மடம். கோட்டைக்காரர் ஃபிட்ஸ்ஆலன் மாட் பக்கம். ஸ்டீபன் முற்றுகையிட்டுக் கோட்டையைப் பிடிக்கிறார், ஃபிட்ஸ்ஆலன் தப்பிவிடுகிறார், சிக்கிய வீரர்களை எல்லாம் தூக்கில் போடச் சொல்கிறார் அரசர். நாவலில் 94 பேர். இது கற்பனை இல்லை. ஷ்ரூஸ்பரி பக்கத்திலேயே பிறந்து, சின்ன வயசிலேயே நார்மண்டி மடம் ஒன்றுக்கு அனுப்பப்பட்ட ஆர்டெரிக் விட்டாலிஸ் என்ற துறவி அதே காலத்தில் எழுதிய வரலாற்றில், 90-க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டதைப் பதிவு செய்திருக்கிறார்.

பிணங்களைக் கழுவி அடக்கத்துக்குத் தயார் செய்ய மடத்திலிருந்து காட்ஃபெல் என்ற துறவி போகிறார். எண்ணுகிறார். 95 வருது. திரும்ப எண்ணுகிறார். 95-தான்.

கூடுதலா இருக்கிற அந்த இளைஞன் தூக்கில் சாகவில்லை. பின்னாலிருந்து மெல்லிய கயிற்றால் கழுத்து இறுக்கப்பட்டுச் செத்திருக்கிறான். பிணக்குவியலில் ஒரு பிணத்தை ஒளித்தால் யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள் என்பது கொலைகாரனின் கணக்கு. (இந்த உத்தி புதுசு இல்லப்பா, செஸ்டர்டன் 1911-லேயே ஃபாதர் பிரவுன் கதை ஒண்ணுல இதே மாதிரி பண்ணிட்டார்னு எங்க குழுவின் துப்பறியும் கதை வெறியர் உடனே கை தூக்கினார். ஒத்துக்கிட்டோம்.)

இப்போ குறைகளுக்கு வருவோம். “ரொம்ப மெதுவா போகுது, ஆங்கிலம் பழசா இருக்கு” என்பது முதல் குறை. உண்மைதான். முதல் 40 பக்கம் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படிங்க, அப்புறம் பழகிடும். இதுக்கு மேல இதுல பேச ஒண்ணுமில்லை.

ரெண்டாவது குறை கொஞ்சம் கனமானது. “பார்த்த சில நாள்லயே காதலா? அதுவும் ரெண்டு ஜோடிக்கா? சினிமா மாதிரி இருக்கு.” கதையில் காடித் என்ற பெண், ஃபிட்ஸ்ஆலன் கட்சித் தலைவர் ஒருவரின் மகள், ஆண்பிள்ளை வேஷம் போட்டு மடத்து மூலிகைத் தோட்டத்தில் எடுபிடி வேலை செய்கிறாள். காயம்பட்டு ஒளிந்திருக்கும் டொரால்ட் என்ற வீரனைக் காப்பாற்றுகிறாள், மனசும் போய்விடுகிறது. இன்னொரு பக்கம் ஏலைன் என்ற பெண். அவள் சகோதரன் எதிரணிக்குப் போய்விட்டதால் குடும்ப நிலத்தின் பேரில் விசுவாசம் தெரிவிக்கத் தனியாக அரசரிடம் வருகிறாள். அங்கே அவளைப் பார்ப்பவன் ஹ்யூ பெரிங்கர். இந்த ஹ்யூவுக்குத்தான் காடித் சின்ன வயசில் நிச்சயிக்கப்பட்டவள்! அவளைப் பிடித்துக் கொடுத்து விசுவாசத்தை நிரூபி என்று அரசர் அவனுக்கே வேலை கொடுக்கிறார்.

வேகம் அதிகம்தான், நானும் மறுக்கலை. ஆனா இந்தக் காதலுக்கு அடியில் என்ன ஓடுதுன்னு பாருங்க. அந்தச் சமூகத்தில் தகப்பன் இல்லாத, நிலமுள்ள பெண்ணின் திருமணம் பெரும்பாலும் மேலே இருக்கும் பிரபு அல்லது அரசரின் கையில். அதைக் காசுக்கு விற்கவும் முடியும். 1100-ல் முதலாம் ஹென்றி தன் முடிசூட்டு சாசனத்தில், திருமண அனுமதிக்குக் காசு வாங்க மாட்டேன், விதவைகளை அவர்கள் விருப்பத்துக்கு மாறாகக் கட்டிக்கொடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. வாக்குக் கொடுக்கிற அளவுக்கு அந்த வழக்கம் இருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? அதே நேரம் திருச்சபைச் சட்டம் வேற திசையில் நகர்ந்துகொண்டிருந்தது. 1140 வாக்கில் கிராஷியன் தொகுத்த சட்டநூல், மணமக்களின் சம்மதத்தை முக்கியமாக வைக்கிறது. பிற்பாடு போப் மூன்றாம் அலெக்சாண்டர் காலத்தில் இருவரின் சம்மதமே திருமணத்துக்கு அடிப்படை என்பது உறுதியாகிவிட்டது.

ஆக 1138 சரியா நடுவுல மாட்டின வருஷம். ஒரு பக்கம் பெண் என்றால் நிலத்தோடு கைமாறுகிற சொத்து. மறுபக்கம் அவள் வாயிலிருந்து “சரி” வராமல் கல்யாணம் செல்லாது என்ற எண்ணம் வலுப்பெறுகிறது. சின்ன வயசு நிச்சயத்தை உதறிவிட்டு காடித் வேறு ஒருவனைத் தேர்ந்தெடுப்பதை இந்த வெளிச்சத்தில் திரும்பப் படிச்சப்போ, “சினிமா மாதிரி”ன்னு சொன்ன தோழியே “அந்த அத்தியாயத்தை மட்டும் இன்னொரு வாட்டி படிக்கிறேன்”னு புத்தகத்தை வாங்கிட்டுப் போயிட்டா. (இன்னும் திருப்பித் தரலை.)

எல்லாரும் ஒரே குரலில் பாராட்டிய இடம் ஒன்று இருக்கு: காட்ஃபெல்லும் ஹ்யூவும் விளையாடும் ஆட்டம். ஃபிட்ஸ்ஆலனின் புதையல் எங்கே, பெண் எங்கே என்று ஹ்யூ மோப்பம் பிடிக்கிறான். அவன் மோப்பம் பிடிப்பது காட்ஃபெல்லுக்குத் தெரியும். தெரியும் என்பது ஹ்யூவுக்கும் தெரியும். ரெண்டு பேரும் மரியாதையாகப் பேசிக்கொண்டே ஒருவரை ஒருவர் ஏமாற்றப் பார்க்கிறார்கள். இவன் நல்லவனா கெட்டவனா என்பது ரொம்ப நேரத்துக்குப் பிடிபடாது.

மூணாவது குறை முடிவைப் பத்தினது. தடயம், விசாரணை என்று போய், கடைசியில் விஷயம் வாள்சண்டையில் வந்து நிற்கிறது. “ஆதாரத்தால முடியவேண்டிய கதையை அடிதடியால முடிச்சுட்டாங்க”ன்னு ஒருத்தன் பொங்கிட்டான். ஆனா இது எழுத்தாளரின் சோம்பேறித்தனம் இல்லை. வாதியும் பிரதிவாதியும் மோதி, ஜெயித்தவன் பக்கம் கடவுள் இருக்கிறார் என்று தீர்ப்புச் சொல்லும் முறையை 1066-க்குப் பிறகு நார்மன்கள்தான் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார்கள். 1138-ல் அது முழுக்கச் சட்டபூர்வமான வழி. இன்னும் வேடிக்கை, அது இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து முறைப்படி நீக்கப்பட்டது 1819-ல்! அதுக்கு முந்தைய வருஷம் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவன் நீதிமன்றத்தில் இந்த உரிமையைக் கேட்டுவிட்டான், மறுக்கச் சட்டத்தில் இடமில்லாமல் போச்சு, அவன் வெளியே வந்துட்டான். நாவலில் நம்மைப் பதைபதைக்க வைப்பதும் இதுதான்: நம்ம கையில் இருக்கும் ஆதாரம் சரி, ஆனா நம்ம ஆள் தோத்துட்டா? உண்மை தோத்ததாகவே ஊர் நம்பும்.

இப்போ அந்த ரெண்டு நாள் சண்டைக்கு வர்றேன்.

எங்க மெக்கானிக்கல் சீனியர் அண்ணன் ஒருத்தர் கேட்டார்: “94 பேரைத் தூக்குல போட்டவர் ராஜாவா உட்கார்ந்திருக்கார். அவர்கிட்டயே போய், ஒருத்தனை யாரோ கொன்னுட்டாங்க, நியாயம் வேணும்னு கேக்கறாரு உங்க துறவி. இது என்ன நியாயம்? 95-ல ஒண்ணு மட்டும்தான் கொலையா?” எதிர்ப்பக்கம் இருந்தவர் அவரோட ரூம்மேட். “அந்தக் காலத்துச் சட்டப்படி அது தண்டனை, இது கொலை. இன்னிக்கு இருக்கற அளவுகோலை அங்க வைக்காதீங்க”ன்னார்.

நான் ரூம்மேட் பக்கம்தான் முதல்ல இருந்தேன். அப்புறம் மாறிட்டேன். காரணம், அன்றைய ஆட்களே அந்தத் தூக்கைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்டீபன் இயல்பில் மென்மையானவர் என்று பெயர். 1136-ல் எக்ஸிடர் கோட்டையைப் பிடித்தபோது உள்ளே இருந்தவர்களை உயிரோடு போகவிட்டார். அதைப் பலவீனம் என்று பிரபுக்கள் படித்தார்கள், கலகம் கூடியது. ஷ்ரூஸ்பரியில் அவர் காட்டியது இரும்புக்கை என்று நிரூபிக்கும் அவசரம். சட்டம் என்பதைவிட பயம்.

நாவலும் இதை மறைக்கவில்லை. அரசரிடம் காட்ஃபெல் ‘94 தப்பு’ என்று முழங்குவதில்லை. முழங்கியிருந்தால் மறுநாள் கதையே இல்லை. அவர் செய்வது வேறு: உங்கள் தண்டனையின் மறைவில் ஒருவன் தன் கொலையை ஒளித்திருக்கிறான் என்கிறார். அரசருக்குச் சுருக்கென்று தைக்கிறது, விசாரணைக்கு அனுமதி கிடைக்கிறது. கூடவே ஊர்க்காரர்கள் வந்து தங்கள் பிள்ளைகளை அடையாளம் கண்டு எடுத்துப்போகவும் வழி பிறக்கிறது. அந்தக் காட்சியில்தான் 94 என்ற எண் உடைந்து, ஒவ்வொருவராக ஒரு அம்மாவின் மகனாக, ஒரு பெண்ணின் சகோதரனாக மாறுகிறார்கள். ஏலைன் அந்த வரிசையில் நடந்து வருகிற பக்கத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஒருத்தனுக்காக எண்ண ஆரம்பிச்சதாலதான் மத்த 94 பேருக்கும் முகம் கிடைச்சுதுன்னு நான் சொன்னேன். அண்ணன் ஒத்துக்கலை. “முகம் கிடைச்சுது, நியாயம் கிடைச்சுதா?”ன்னார். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை, நாவல்லயும் இல்லை. ஸ்டீபன் ராஜாவாத்தான் தொடர்கிறார், கதையின் நல்லவர்களில் சிலர் அவருக்கே சேவகமும் செய்கிறார்கள்.

அடுத்த மாசம் படிக்கப்போறது இதே வரிசையில் 1980-ல் வந்த ‘மங்க்ஸ் ஹுட்’. அதுல காட்ஃபெல் மூட்டுவலிக்குக் காய்ச்சி வெச்ச தைலத்தையே யாரோ சாப்பாட்டில் கலந்துடறாங்க. அந்தச் செடி நம்ம சித்த மருத்துவத்தில் வரும் வசநாவியின் நெருங்கிய உறவு. எழுத்தாளர் இளமையில் மருந்துக்கடையில் வேலை பார்த்தவர், அந்த அனுபவம் பக்கத்துக்குப் பக்கம் தெரியும். செத்தவரின் மனைவி வேற யாருமில்லை, சிலுவைப் போருக்குப் போறதுக்கு முன்னாடி காட்ஃபெல் காதலிச்ச பெண். அண்ணனும் அவர் ரூம்மேட்டும் இந்த வாட்டி ஒரே பிரதியைப் பங்கு போட்டுப் படிக்கிறாங்க. இருக்கிறது ஒண்ணே ஒண்ணுதான், இன்னொண்ணை அந்தத் தோழி எடுத்துட்டுப் போயிட்டா.