பூட்டிய பங்களாவும் பீட் காவலரும்

சீசன் முடிந்து மழை பிடித்துக்கொண்டால் கொடைக்கானலில் பல பங்களாக்கள் மாதக்கணக்கில் பூட்டியே கிடக்கும். உரிமையாளர் சென்னையில் இருப்பார். பூட்டு உடைந்த சேதி அவருக்குப் போய்ச் சேர நாளாகும். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் என்றால் மலைப்பாதையில் ரோந்து வண்டி வந்து சேரவே நேரம் பிடிக்கும். ஆகவே முதலில் பார்க்கிற கண் அக்கம்பக்கத்தாருடையதுதான்.

தொடங்க வேண்டிய இடம் காவல் நிலையம். தெருக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து போய், தங்கள் பகுதிக்கு ரோந்து வரும் பீட் காவலர் யார் என்று கேட்டு, பூட்டிய வீடுகளின் பட்டியலையும் உரிமையாளர்களின் கைபேசி எண்களையும் எழுத்தில் கொடுக்கலாம். ரோந்து வருபவர் கையெழுத்திடும் பட்டா புத்தகத்தை எந்த வீட்டில் வைப்பது என்பதையும் அப்போதே பேசி முடிப்பது நல்லது. சாவி யாரிடம் இருக்கிறது என்பது மட்டும் வாட்ஸ்அப் குழுவுக்குள் வரவே கூடாது.

குழுவுக்கு ஒரு கண்டிப்பான விதி தேவை: அந்நியர் படத்தைப் போட்டு ‘உஷார்’ என்று பரப்பக் கூடாது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில், பிள்ளை பிடிப்பவர் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பிய கூட்டம், கோயிலுக்கு வந்த சென்னை மூதாட்டியை அடித்தே கொன்றது. சுற்றுலா ஊரில் எல்லா முகமும் புதுமுகம்தான். சந்தேகம் வந்தால் வண்டி எண், இடம், நேரம் மூன்றையும் குறித்துக்கொண்டு 100 அல்லது 112-ஐ அழைத்தால் போதும். கஞ்சா, போதைக்காளான் விற்பனை பற்றிச் சொல்ல 10581.

கேமரா வைப்பவர்கள் பக்கத்து வீட்டு முற்றத்தை விட்டுவிட்டுச் சாலையைப் பார்த்து வைக்கட்டும். மூடுபனியில் படம் தெளியாது. கரண்ட் போனால் அதுவும் இல்லை. யுபிஎஸ் இல்லாத கேமரா வெறும் அலங்காரம்.

திருட்டே நடந்துவிட்டால் உடைந்த கதவைத் தொடாமல் விட்டு, புகார் கொடுத்து, புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும், பிறகு எஃப்.ஐ.ஆர். நகல். அதற்குக் கட்டணம் கிடையாது.

லத்தி மட்டும் பொதுமக்கள் கைக்கு மாறக் கூடாது. 1993-இல் ராமநாதபுரத்தில் காவல் அதிகாரி பிரதீப் வி. பிலிப் தொடங்கிய, பொதுமக்கள் போலீஸுக்கு உதவும் ‘ஃபிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ அமைப்பு வெளிநாட்டு விருதுவரை போனது. ஆனால் சாத்தான்குளம் காவல் மரணங்களுக்குப் பின், 2020 ஜூலையில், அரசே அதற்குத் தடை போட்டது. கண்ணெதிரே ஜாமீனில் விட முடியாத கடுங்குற்றம் செய்பவரைப் பொதுமக்கள் பிடிக்கலாம்; ஆனால் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைத்தாக வேண்டும் என்கிறது இப்போதைய சட்டம். அடிப்பதற்கு அதில் இடமில்லை.

ஏப்ரல் கூட்டம் மலையேறும் முன், மார்ச்சிலேயே இன்ஸ்பெக்டரை அழைத்து ஒரு கூட்டம் வைத்துவிடலாம். வெளிநாட்டு விருந்தினர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தைப் பதிய வேண்டும் என்பதை ஹோம்ஸ்டேக்காரர்களுக்கு அங்கேயே நினைவூட்டலாம்.