'வாங்கினா ஒரு ரூபாய் தானம்': அந்த ரூபாய் யார் கணக்குல?

"இந்த சோப்பை வாங்கினா ஒரு குழந்தையோட படிப்புக்கு ஒரு ரூபாய்." இப்படி எழுதியிருந்தா கூட ஒண்ணு எடுத்துக்குவோம். எடுங்க, தப்பில்லை. ஆனா கணக்கைப் புரிஞ்சுக்கிட்டு எடுங்க.

இந்த உத்தியை 1983-ல் பிரபலமாக்கியது அமெரிக்கன் எக்ஸ்பிரஸ். கார்டைத் தேய்க்கும் ஒவ்வொரு தடவையும் சுதந்திர தேவி சிலையைப் புதுப்பிக்க ஒரு சென்ட். சேர்ந்தது சுமார் 17 லட்சம் டாலர். கார்டு பயன்பாடும் ஏறுச்சு, திட்டமே அதுக்குத்தானே!

எங்க செட்டிநாட்டுல பழக்கம் வேற. நகரத்தார் கணக்குல 'மகமை'ன்னு தர்மத்துக்குத் தனிப் பங்கே உண்டு. காரைக்குடியில அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் சிக்ரி என்கிற மின்வேதியியல் ஆய்வகம் திறந்தது. அவருக்குப் பேர் கிடைச்சுது. ஆனா யாரையும் எதையும் வாங்கச் சொல்லலை.

இன்னைக்குச் சட்டமே இருக்கு. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135-ன்படி, குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள் மூணு வருஷ சராசரி நிகர லாபத்துல 2 சதவீதம் சிஎஸ்ஆருக்குச் செலவழிக்கணும். தன் பொருளுக்கு விளம்பர லாபம் தேடும் ஸ்பான்சர்ஷிப் இதுல சேராது. பலருக்குத் தெரியாத விதி இது.

சரி, உங்களுக்கு? சோப்பு விலையில போன ரூபாய்க்கு 80ஜி கழிவு கிடையாது, ரசீது உங்க பேர்ல இல்லையே. நேரடியா கொடுத்தா கிடைக்கும்: அமைப்புக்கு 80ஜி அங்கீகாரம் இருக்கணும், 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கம் கூடாது, நீங்க பழைய வரி முறையில இருக்கணும். புது முறைன்னா கழிவு இல்லை. (கொடுக்கிறதுக்குத் தடையும் இல்லை!)

அடுத்த தடவை பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. எந்த அமைப்பு, எவ்வளவு, எந்தத் தேதி வரை, உச்சவரம்பு உண்டா? வெறும் "நல்ல காரியத்துக்கு"ன்னு மட்டும் இருந்தா, வாசனை பிடிச்சிருந்தா மட்டும் வாங்குங்க.